மக்களே தேர்ந்தெடுத்த முதல் ஆளுநர்: புவேர்ட்டோ ரிக்கோவின் லூயிஸ் முன்யோஸ் மரீன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முன்யோஸ் மரீன் யார்?

கரீபியன் கடலில் உள்ள புவேர்ட்டோ ரிக்கோ தீவின் மக்கள், தாங்களே வாக்களித்துத் தேர்ந்தெடுத்த முதல் ஆளுநர். 1949 ஜனவரி 2 அன்று பதவியேற்றார். வரிசையாக நான்கு தேர்தல்களில் வென்று 1965 ஜனவரி வரை, 16 ஆண்டுகள் பதவியில் இருந்தார். அதற்கு முன் எட்டு ஆண்டுகள் தீவின் செனட் தலைவர். அதற்கும் முன் பத்திரிகையாளர், கவிஞர்.

பிறந்தது 1898 பிப்ரவரி 18, பழைய சான் ஹுவான் நகரில். அவர் கைக்குழந்தையாக இருந்தபோதே தீவு கை மாறிவிட்டது. அந்த ஆண்டு ஜூலை 25 அன்று அமெரிக்கப் படை குவானிக்கா துறைமுகத்தில் வந்து இறங்க, நானூறு ஆண்டு ஸ்பெயின் ஆட்சி முடிந்தது.

ஆளுநர் என்றால் நம் ஊரில் நியமனப் பதவி. அங்கேயும் அப்படித்தானா?

முன்பு அப்படித்தான். 1900-இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய ஃபோரேக்கர் சட்டப்படி, தீவின் ஆளுநரை அமெரிக்க அதிபர் அனுப்பிவைப்பார். வந்தவர்களில் பலருக்கு ஸ்பானிய மொழியே தெரியாது. அதிபரின் தேர்தலுக்கு உழைத்ததற்குக் கைம்மாறாகப் பதவி பெற்றவர்களும் உண்டு. தீவில் தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டமன்றம் இருந்தது என்றாலும், அது நிறைவேற்றும் எதையும் ஆளுநர் தடுக்கலாம், வாஷிங்டனும் தடுக்கலாம்.

1948-க்குப் பிறகு அது தேர்தல் பதவி. அதிகாரத்தை வைத்துப் பார்த்தால் நம் முதலமைச்சர் பதவியோடுதான் ஒப்பிட வேண்டும்.

அப்பா பெரிய தலைவராமே. வாரிசு என்பதால் வந்த பதவிதானே?

அப்பா லூயிஸ் முன்யோஸ் ரிவேரா, தீவு தன்னைத்தானே ஆள வேண்டும் என்று ஸ்பெயினிடம் வாதாடியவர். 'லா டெமோக்ராசியா' என்ற நாளேட்டை 1890-இல் போன்சே நகரில் தொடங்கினார். 1897-இல் ஸ்பெயின் ஒருவழியாகத் தன்னாட்சி சாசனம் தந்தது. 1898 பிப்ரவரியில், மகன் பிறந்த அதே மாதத்தில், தன்னாட்சி அமைச்சரவை பதவியேற்றது. அதில் முன்யோஸ் ரிவேராவும் இருந்தார். சில மாதங்களிலேயே அமெரிக்கா வந்து எல்லாவற்றையும் கலைத்துப் போட்டது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

விட்ட இடத்திலிருந்து அவர் மறுபடி தொடங்கினார். 1911 முதல் தீவின் பிரதிநிதியாக வாஷிங்டனில் இருந்தார். அந்தப் பிரதிநிதி பேசலாம், அவையில் வாக்களிக்க முடியாது. இன்றைக்கும் அதே நிலைதான். 1916 நவம்பரில் அவர் இறந்துபோனார். புவேர்ட்டோ ரிக்கோ மக்களுக்கு அமெரிக்கக் குடியுரிமை தந்த ஜோன்ஸ் சட்டம் 1917 மார்ச்சில்தான் வந்தது. அதைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

அப்பா பெயர் மகனுக்குக் கதவைத் திறந்தது, அதை மறுக்க முடியாது. ஆனால் அந்தப் பெயருக்குக் கிடைத்த இடத்தை அவர் 1937-இல் முழுதாக இழந்தார். அதன்பின் கிடைத்தது அவரே சம்பாதித்தது. அவருடைய அரசியல் வாழ்க்கையில் எனக்கு மிகப் பிடித்த பகுதியும் அந்த இரண்டாம் பாதிதான்.

இளமையில் என்ன செய்தார்?

ஊர் சுற்றினார் என்று சொல்லிவிடலாம். அப்பா இறந்ததும் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் சட்டப் படிப்பைப் பாதியில் விட்டார். நியூயார்க்கில் எழுத்தாளர்கள் கூடும் கிரீனிச் வில்லேஜில் வாழ்ந்தார், கவிதை எழுதினார், அமெரிக்க இதழ்களுக்கு ஆங்கிலத்தில் கட்டுரைகள் எழுதினார். 1919-இல் மியூனா லீ என்ற அமெரிக்கக் கவிஞரை மணந்தார். 1920-இல் தீவுக்கு வந்து, அப்பாவின் கட்சியில் சேராமல், கரும்புத் தொழிலாளர்களுக்காக நின்ற சோஷலிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். பிறகு மறுபடி நியூயார்க். 1931-இல்தான் நிரந்தரமாக ஊர் திரும்பினார்.

அந்த ஆண்டுகள் வீணாகவில்லை. இரண்டு மொழியிலும் எழுதவும் பேசவும் தெரிந்த ஒருவர், அமெரிக்கர்களின் நாடித்துடிப்பை அறிந்த ஒருவர், தீவு அரசியலுக்குக் கிடைத்தார். ஊர்க்காரர்கள் அவரைக் கடைசிவரை 'கவி' என்று பட்டப்பெயர் வைத்தே அழைத்தார்கள்.

முதல் தேர்தல் வெற்றி எப்போது?

1932-இல். அன்டோனியோ பார்செலோ தலைமையிலான லிபரல் கட்சியின் செனட்டர் ஆனார். அப்பாவின் நாளேடும் கையில் இருந்தது. 1933-இல் ராபர்ட் கோர் என்ற ஃபுளோரிடா பத்திரிகை அதிபர் ஆளுநராக வந்தார். தான் நியமிப்பவர்கள் தேதி போடாத ராஜினாமாக் கடிதத்தை முன்கூட்டியே எழுதித் தர வேண்டும் என்று கேட்டவர் அவர். அப்படி நான் கேட்கவே இல்லை என்று கோர் மறுத்தபோது, ஆளுநர் பொய் சொல்கிறார் என்று முன்யோஸ் தன் நாளேட்டில் நேருக்கு நேர் எழுதினார், அதுவும் கோருக்குப் புரியும்படி ஆங்கிலத்திலேயே. 1934 ஜனவரியில் கோர் பதவி விலகினார்.

அதே ஆண்டு அதிபர் ரூஸ்வெல்ட்டின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் தீவுக்கு வந்து சான் ஹுவானின் குடிசைப் பகுதிகளைப் பார்த்தார். புயலும் பொருளாதார மந்தமும் சேர்ந்து தீவை நாசமாக்கியிருந்த காலம் அது. நிவாரணத் திட்டங்களுக்காக வாஷிங்டனின் கதவைத் தட்டியவர்களில் முன்யோஸ் முன்னால் நின்றார்.

பிறகு ஏன் கட்சியிலிருந்து வெளியேற்றப்பட்டார்?

1936 பிப்ரவரியில், தீவுக்கு முழு விடுதலை கேட்ட தேசியவாதிகளான இரண்டு இளைஞர்கள் தீவின் காவல்துறைத் தலைவர் ரிக்ஸைச் சுட்டுக் கொன்றார்கள். பிடிபட்ட இருவரையும் போலீஸார் காவல் நிலையத்துக்குள்ளேயே கொன்றுவிட்டார்கள். கொலையைக் கண்டித்து அறிக்கை விடுமாறு வாஷிங்டன் நண்பர்கள் முன்யோஸைக் கேட்டார்கள். காவல் நிலையத்தில் நடந்ததையும் சேர்த்துக் கண்டிப்பதாக இருந்தால் சரி என்றார் அவர். அத்தோடு அங்கே அவருக்கு இருந்த செல்வாக்கு போயிற்று.

அதே ஆண்டு அமெரிக்க செனட்டர் டைடிங்ஸ் ஒரு மசோதா கொண்டுவந்தார். வேண்டுமானால் விடுதலை எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் உங்கள் சரக்குக்கு அமெரிக்காவில் ஆண்டுதோறும் சுங்க வரி ஏறும் என்பது அதன் சாரம். சர்க்கரையை நம்பி வாழும் தீவுக்கு அது பட்டினியைத் தட்டில் வைத்து நீட்டியது போல. இதை எப்படி எதிர்கொள்வது, வரும் தேர்தலில் நிற்பதா புறக்கணிப்பதா என்று லிபரல் கட்சிக்குள் சண்டை மூண்டது. புறக்கணிக்கலாம் என்றார் முன்யோஸ். கட்சி நின்றது, தோற்றது. பழி அவர்மேல் விழுந்தது. 1937-இல் வெளியேற்றினார்கள்.

அதிலிருந்து எப்படி மீண்டு வந்தார்?

1938 ஜூலையில், அப்பாவின் சொந்த ஊரான மலைப்பகுதி பாரான்கீத்தாஸில், மக்கள் ஜனநாயகக் கட்சியைத் தொடங்கினார். சின்னம், மலைநாட்டு உழவனின் முகமும் அவன் தலையிலிருக்கும் வைக்கோல் தொப்பியும். முழக்கம், 'உணவு, நிலம், விடுதலை'.

அன்றைய தேர்தல் எப்படி நடந்தது என்று தெரிந்தால்தான் அடுத்து அவர் செய்ததன் அருமை புரியும். கரும்பு வெட்டு ஆண்டுக்குச் சுமார் ஆறு மாதம்தான். மீதி மாதங்களை அங்கே 'செத்த காலம்' என்பார்கள். வேலை இல்லை, கூலி இல்லை, கடையில் கடன். குடிசை நிற்கும் மண்கூட முதலாளியுடையது. எதிர்த்துப் பேசினால் அன்றைக்கே சாமானைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். இந்த நிலையில் இருப்பவனிடம் தேர்தலுக்கு முன் இரண்டு டாலரும் ஒரு ஜோடி செருப்பும் நீட்டினால் வாங்காமல் என்ன செய்வான்? ஓட்டு விலைக்குப் போனது.

முன்யோஸ் மலைப்பாதைகளில் ஏறி இறங்கி, குடிசை குடிசையாக உட்கார்ந்து பேசினார். ஓட்டை விற்காதீர்கள் என்று அறிவுரை சொல்லி அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. இரண்டு டாலரையும் வாங்கி நீதியையும் கேட்க முடியாது, இரண்டில் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். 'உங்கள் ஓட்டை எனக்கு ஒரே ஒரு தடவை கடனாகக் கொடுங்கள், சொன்னதைச் செய்யாவிட்டால் அடுத்த முறை திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள்' என்பதுதான் அவர் பேச்சின் சாரம். 'எல் பட்டே' என்ற சின்னப் பத்திரிகை இலவசமாக ஊர் ஊராகப் போனது. படிக்கத் தெரிந்த ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள்.

அப்புறம், வென்றால் என்னென்ன சட்டம் கொண்டுவருவோம் என்று வரைவுகளை முன்னாலேயே எழுதிவைத்து, அவற்றுக்கு ஆதரவாக வாக்களிப்போம் என்று வேட்பாளர்களைப் பொதுக்கூட்டத்தில் சத்தியம் செய்யவைத்தார். எந்த நாட்டுத் தேர்தலுக்கும் இது நல்ல வழக்கம் என்று நான் நினைக்கிறேன்.

விடுதலை என்று முழங்கிவிட்டு, அதைப் பற்றிப் பேசாமலே தேர்தலில் நின்றாராமே?

ஆமாம். 1940 தேர்தலில், தீவு தனிநாடு ஆவதா, அமெரிக்காவின் மாநிலம் ஆவதா என்பது இந்தத் தேர்தலின் பிரச்சினை அல்ல என்று அறிவித்தார். எங்களுக்கு விழும் ஓட்டை விடுதலைக்கான ஓட்டாக எண்ணமாட்டோம் என்று உறுதி தந்தார். அப்போது அவர் மனத்தளவில் விடுதலைக்காரர்தான். ஆனால் மலைக்கிராமங்களில் மக்கள் அவரிடம் கேட்டது நிலம், கூலி, பிள்ளைகளுக்குப் பால். தனிநாடு என்றால் பலருக்குப் பயம்.

அவர் வாழ்க்கையின் திருப்புமுனையாக நான் பார்ப்பது இந்த முடிவைத்தான். ஆளுநர் மாளிகைக்கு அவரைக் கொண்டுபோன வழி இதுவே. அன்றைக்குத் தள்ளிவைத்த கேள்விக்குத் தீவு இன்றுவரை பதில் காணவில்லை என்பதும் உண்மை.

1940-இல் பெரிய வெற்றியா?

மயிரிழை வெற்றி. செனட்டில் 19 இடங்களில் 10. கீழவையில் எதிரணிக் கூட்டணிக்கும் இவர்களுக்கும் தலா 18, மூன்றாவது அணிக்கு 3. மொத்த வாக்குகளில் எதிரணிக் கூட்டணிதான் சற்று முன்னால் இருந்தது. ஆனாலும் முன்யோஸ் செனட் தலைவரானார். கொடுத்த வாக்கைக் காப்பாற்றியதற்குக் கூலி 1944-இல் கிடைத்தது: செனட்டில் 19-க்கு 17.

அந்த நான்கு ஆண்டுகளில் அப்படி என்ன செய்துவிட்டார்?

நிலம். எந்தக் கம்பெனியும் 500 ஏக்கருக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று 1900-லேயே அமெரிக்க நாடாளுமன்றம் விதித்திருந்தது. நாற்பது ஆண்டுகள் யாரும் அதைச் சீண்டவில்லை. பெரிய சர்க்கரைக் கம்பெனிகள் பல்லாயிரம் ஏக்கர் வைத்திருந்தன. 1940-இல் அந்த வரம்பு செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்ல, 1941-இல் நிலச் சட்டம் வந்தது. கம்பெனி நிலங்களை அரசு விலைக்கு வாங்கத் தொடங்கியது. அதில் முதலாளி மண்ணில் குடியிருந்த கூலிகளுக்குச் சிறு மனைகள் கிடைத்தன. கால் ஏக்கரிலிருந்து மூன்று ஏக்கர் வரைதான். ஆனால் அந்த மனையில் குடிசை போட்டவனை இனி யாரும் ஓட்டுக்காக மிரட்ட முடியாது.

1941-இல் ரூஸ்வெல்ட் அனுப்பிய ஆளுநர் ரெக்ஸ்ஃபோர்ட் டக்வெல், பொருளாதார அறிஞர், இந்தச் சீர்திருத்தங்களை மனதார ஆதரித்தார். திட்டக்குழு, வளர்ச்சி வங்கி, தொழில் வளர்ச்சி நிறுவனம் எல்லாம் 1942-இல் பிறந்தன. தொழில் வளர்ச்சிக்குப் பொறுப்பேற்றவர் தெயோதோரோ மொஸ்கோசோ, போன்சே நகரில் குடும்ப மருந்துக்கடையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்.

நியமனப் பதவி தேர்தல் பதவியானது எப்படி?

இரண்டு படிகளில். 1946-இல் டக்வெல் விலகியபோது, அதிபர் ட்ரூமன் முதல் முறையாகத் தீவுக்காரர் ஒருவரையே ஆளுநராக நியமித்தார். அவர் ஹெசூஸ் பின்யேரோ, முன்யோஸின் கட்சிக்காரர். 1947 ஆகஸ்டில், ஆளுநரை மக்களே தேர்ந்தெடுக்கலாம் என்று அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. உலகப் போர் முடிந்து குடியேற்ற நாடுகள் ஒவ்வொன்றாக விடுதலை பெற்றுவந்த காலம். தன் கையிலும் ஒரு குடியேற்ற நாடு இருப்பது அமெரிக்காவுக்கு உறுத்தியது.

1948 நவம்பர் 2 தேர்தலில் முன்யோஸ் சுமார் 61 சதவீத வாக்குகளோடு வென்றார். ஆளுநரின் இல்லமான லா ஃபோர்தலேசா, 1530-களில் ஸ்பானியர் கட்டத் தொடங்கிய கோட்டை. நானூறு ஆண்டுகளாக வெளியிலிருந்து நியமிக்கப்பட்டவர்கள் உட்கார்ந்த இடத்தில், மக்கள் அனுப்பிய ஒருவர் போய் உட்கார்ந்தார்.

விடுதலைக் கொள்கையை ஏன் கைவிட்டார்?

அவர் சொன்ன காரணம் பொருளாதாரம். அமெரிக்கச் சந்தையில் சுங்கமில்லாமல் விற்கும் வசதி போனால் தீவு பட்டினியில் விழும் என்று 1940-களின் நடுவில் முடிவுக்கு வந்தார். கட்சிக்குள் இருந்த விடுதலைக்காரர்கள் பலர் பிரிந்துபோனார்கள். 1946-இல் கில்பெர்த்தோ கொன்செப்சியோன் டி கிராசியா தலைமையில் விடுதலைக் கட்சி பிறந்தது. துரோகம் என்றார்கள். எனக்கு அவருடைய கணக்கு புரிகிறது. எதிர்த்தவர்களை அவர் அரசு நடத்திய விதம்தான் புரியவில்லை.

அப்படி எப்படி நடத்தினார்?

1948-இல், அவர் செனட் தலைவராக இருக்கும்போது, 53-ஆம் எண் சட்டம் வந்தது. மக்கள் அதை 'வாய்ப்பூட்டுச் சட்டம்' என்றே அழைத்தார்கள். அரசைக் கவிழ்க்கத் தூண்டும் பேச்சுக்கும் எழுத்துக்கும் பத்து ஆண்டு வரை சிறை. நடைமுறையில், வீட்டில் தீவின் கொடியை வைத்திருந்ததுகூடக் குற்றத்துக்குச் சாட்சியானது.

1950 அக்டோபர் 30 அன்று, பெத்ரோ அல்பிசு காம்போஸ் தலைமையிலான தேசியவாதிகள் ஹயூயா உள்ளிட்ட ஊர்களில் கிளர்ந்தெழுந்தார்கள். லா ஃபோர்தலேசாவிலேயே தாக்குதல் நடந்தது. முன்யோஸ் உள்ளே இருந்தார், உயிர் தப்பினார். இரண்டு நாள் கழித்து வாஷிங்டனில் ட்ரூமனைக் கொல்லவும் முயற்சி நடந்தது. ஆயுதம் எடுத்தவர்களைப் பிடித்தது நியாயம். ஆனால் ஆயுதத்தைத் தொடாத ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் விடுதலைக் கட்சிக்காரர்களும்கூட நூற்றுக்கணக்கில் கைதானார்கள். காவல் நிலையத்தில் செத்த இரண்டு இளைஞர்களுக்காக 1936-இல் தன் செல்வாக்கையே இழக்கத் துணிந்த மனிதரின் ஆட்சியில் இது நடந்தது. வாய்ப்பூட்டுச் சட்டம் 1957 வரை நீடித்தது. அவரை மதிக்கிறவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகக் கூடாது என்பேன்.

1952-இல் என்ன மாறியது?

தீவு தனக்கென்று அரசியலமைப்பை எழுதிக்கொண்டது. மார்ச்சில் மக்கள் வாக்கெடுப்பில் அது பெருவாரியாக ஏற்கப்பட்டது. உணவு, வேலை போன்றவற்றை உரிமையாகச் சொன்ன 20-ஆம் பிரிவை மட்டும் அமெரிக்க நாடாளுமன்றம் நீக்கவைத்தது. ஜூலை 25 அன்று, அமெரிக்கப் படை வந்திறங்கிய அதே தேதியில், முன்யோஸ் தீவின் கொடியை அதிகாரபூர்வமாக ஏற்றினார். அதற்கு முந்தைய ஆண்டுகளில் மக்களைச் சிறைக்கு அனுப்பிய அதே கொடி.

அடுத்த ஆண்டு ஐ.நா.வும் தன்னாட்சி பெறாத பகுதிகளின் பட்டியலிலிருந்து தீவை எடுத்தது. ஆனால் இறுதி அதிகாரம் வாஷிங்டனிடமே இருந்தது.

அவர் ஆட்சியில் மக்கள் வாழ்க்கை உயர்ந்ததா?

உயர்ந்தது. வரிச்சலுகை கொடுத்து அமெரிக்கத் தொழிற்சாலைகளை வரவழைத்த திட்டத்தால் கரும்புத் தீவு ஆலைத் தீவானது. மலைக்கிராமங்களுக்குத் தண்ணீரும் மின்சாரமும் வந்தன. 1940-இல் சுமார் 46 வயதாக இருந்த சராசரி ஆயுள் 1960-இல் எழுபதை நெருங்கியது. 1949-இல் பள்ளிகளில் பயிற்றுமொழி மறுபடி ஸ்பானிய மொழியானது. அவருடைய இரண்டாம் மனைவி இனேஸ் மென்டோசா, தாய்மொழிக் கல்விக்காக வாதாடி ஆசிரியர் வேலையை இழந்தவர்.

மறுபக்கமும் உண்டு. ஆலைகள் தந்த வேலை, வயலை விட்டவர்கள் எல்லாருக்கும் போதவில்லை. 1950-களில் மட்டும் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் நியூயார்க் முதலிய நகரங்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். சுமார் 22 லட்சம் பேர் வாழ்ந்த சின்னத் தீவு அது. கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர் கிளம்பிப் போனார் என்றால் ஒவ்வொரு தெருவிலும் பூட்டிய வீடுகள் இருந்திருக்கும்.

கத்தோலிக்கத் திருச்சபையோடு மோதினாரா?

1960 தேர்தலில் முன்யோஸ் கட்சிக்கு வாக்களிக்கக் கூடாது என்று ஆயர்கள் சுற்றறிக்கை விட்டார்கள். கருத்தடைக் கொள்கை முக்கியக் காரணம். பெரும்பான்மைக் கத்தோலிக்கர்கள் வாழும் தீவில் அவர் 58 சதவீதத்தோடு வென்றார்.

பதவியை ஏன் விட்டார்?

கால வரம்பு எதுவும் இல்லை, நின்றிருந்தால் 1964-லும் வென்றிருப்பார். மாயாகுவெஸில் நடந்த கட்சி மாநாட்டில், இனி நிற்கமாட்டேன் என்றார். கூட்டம் விடவில்லை, நீங்களேதான் வேண்டும் என்று கத்தினார்கள், அழுதார்கள். அவர் அசையவில்லை. ஒரே ஆளை நம்பி இருக்கும் கட்சி உருப்படாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ரொபெர்த்தோ சான்செஸ் விலேயா ஆளுநரானார். ஆனால் வாரிசுகளுக்குள் பிளவு வந்து, 1968-இல் மாநிலத் தகுதி கோரும் கட்சியின் லூயிஸ் ஃபெரே வென்றார். முன்யோஸ் 1970 வரை செனட்டில் இருந்தார், 1980 ஏப்ரல் 30 அன்று காலமானார்.

இன்றைக்கு ஆளுநர் பதவி எப்படி இருக்கிறது?

2025 ஜனவரி 2 முதல் ஜெனிஃபர் கொன்சாலெஸ் ஆளுநர். முன்யோஸின் அப்பாவைப் போலவே வாஷிங்டனில் வாக்குரிமை இல்லாத பிரதிநிதியாக இருந்து வந்தவர். ஆனால் தீவு அமெரிக்காவின் மாநிலமாக வேண்டும் என்பவர். ஆளுநரை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள், அதிபர் தேர்தலில் மட்டும் அவர்களுக்கு ஓட்டு இல்லை. கடன் நெருக்கடிக்குப் பிறகு 2016-இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஏழு பேர் கொண்ட நிதி மேற்பார்வைக் குழுவை அமைத்தது. பட்ஜெட்டை அந்தக் குழு ஏற்க வேண்டும். அந்தக் குழுவைத் தீவு மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை.

அவர் தொடர்பான இடங்களைப் பார்க்க முடியுமா?

விமானத்தில் போனால் இறங்குவதே லூயிஸ் முன்யோஸ் மரீன் பன்னாட்டு விமான நிலையத்தில்தான். பழைய சான் ஹுவானில் உள்ள லா ஃபோர்தலேசா யுனெஸ்கோ உலக மரபுச் சின்னம். அதுதான் இன்றும் ஆளுநரின் அதிகாரபூர்வ இல்லம். த்ருஹியோ ஆல்த்தோவில் முன்யோஸ் குடியிருந்த வீட்டை அவர் பெயரிலான அறக்கட்டளை பராமரிக்கிறது. கல்லறை பாரான்கீத்தாஸில், அப்பாவின் கல்லறையும் அதே ஊரில்தான். சான் ஹுவானிலிருந்து அங்கே போக வளைவான மலைச்சாலை, பகலில் கிளம்புவது நல்லது.